தண்ணீர் சுடுகிறதே, பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

2 மார்ச் 2024, வாசகர் கேள்வி

புளோரிடா மாநிலம், டாம்பாவில் வீடு. 1996-இல் கட்டியது. நாங்கள் வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. மே மாதத்தோடு வீட்டுக் காப்பீடு முடிகிறது. இப்போதிருக்கும் நிறுவனம் புதுப்பிக்கப் போவதில்லை என்று டிசம்பரிலேயே கடிதம் போட்டுவிட்டது. புதிய நிறுவனம் ஃபோர் பாயிண்ட் பரிசோதனை கேட்டது, அதாவது கூரை, மின்சாரம், ஏசி, தண்ணீர்க் குழாய் நான்கையும் பார்ப்பது. செய்து அனுப்பினோம். கூரை, மின்சாரம், ஏசி எல்லாம் சரி. கேரேஜில் நிற்கும் வாட்டர் ஹீட்டரை மாற்றினால்தான் பாலிசி என்கிறார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கை வைக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் சுடுகிறது. இது பகல்கொள்ளை இல்லையா?

2 மார்ச், இரவு

பகல்கொள்ளை என்ற சொல்லை நானும் போன ஆண்டு இதே வேகத்தில்தான் சொன்னேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

தண்ணீர் சுடுகிறதா என்று காப்பீட்டு நிறுவனம் கேட்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் குளியலறையில் தலைக்கு மேல் தொங்கும் 15 லிட்டர் கீசர் இல்லை இது. ஆள் உயர எஃகுத் தொட்டி, 50 காலன், அதாவது ஏறக்குறைய 190 லிட்டர். தெருக் குழாயின் அழுத்தம் இரவும் பகலும் அதன் மேல் இருக்கிறது. அடிப்பகுதி துருப்பிடித்துப் பிளந்தால் 190 லிட்டரோடு நிற்காது. யாராவது வந்து வால்வை மூடும் வரை தெருவிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தொட்டிக்கு 8 முதல் 12 ஆண்டுகள் ஆயுள் என்பார்கள். அதைத் தாண்டிய தொட்டியைப் பார்த்தால், நாம் வெந்நீரைப் பார்க்கிறோம், அவர்கள் நனைந்த சுவரைப் பார்க்கிறார்கள்.

உங்கள் தொட்டிக்கு வயது என்ன? அதை எழுதவில்லையே.

3 மார்ச்

எங்கள் வீட்டுப் பரிசோதனையைச் சொல்கிறேன். 2023 ஏப்ரல். வீடு 1993-இல் கட்டியது.

வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். ஹீட்டரை முதலில் தொடவே இல்லை. அதன் முன்னால் அடுக்கியிருந்த அரிசி மூட்டை, இரண்டு சைக்கிள், கொலு பொம்மைப் பெட்டி எல்லாவற்றையும் நகர்த்தச் சொன்னார். பெட்டியைத் தூக்கினேன். அடி அட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம். அது இருந்த சிமென்ட் தரையிலும் அதே வளையம். அவர் ஒன்றும் பேசவில்லை. தரையைப் படம் எடுத்தார், பிறகு அட்டையையும் எடுத்தார். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

அதன் பிறகு டார்ச் அடித்துத் தொட்டியின் மேல் மூட்டுகளைப் பார்த்தார். செம்புக் குழாய் எஃகில் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. பக்கவாட்டில் ஒட்டிய தாளைக் கட்டைவிரலால் துடைத்து, வரிசை எண்ணைப் படம் எடுத்தார். எல்லாம் பத்து நிமிடம். கூரையைப் பார்க்க எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம்.

படிவத்தில் தொட்டியின் வயதை எழுதி, 'திருப்தி இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். 30 நாளில் சரிசெய்தால் பாலிசி, இல்லையென்றால் இல்லை என்று நிறுவனம் சொன்னது.

3 மார்ச், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையில் இருக்கும் படிவத்தில் ஹீட்டரின் வயதுக்கென்று தனிக் கேள்வி இல்லை. கேட்பவை இவைதான்: அழுத்தம் வெளியேற்றும் வால்வு இருக்கிறதா, இப்போது கசிகிறதா, முன்பு கசிந்த அடையாளம் உண்டா, ஹீட்டர் எங்கே இருக்கிறது. அதன் கீழே, திருப்தியா இல்லையா என்று குறிக்கும் பட்டியலில் பாத்திரம் கழுவும் இயந்திரம், கழிப்பறை, தொட்டிகளோடு ஹீட்டரும் ஒரு வரி. இந்தப் படிவம் சிட்டிசன்ஸ் நிறுவனத்துடையது. தனியார் யாரும் ஏற்காத வீடுகளுக்கென்று 2002-இல் மாநில அரசு உருவாக்கியது அது. தனியார் நிறுவனங்கள் பலவும் அதே படிவத்தை வாங்கிக்கொள்கின்றன.

அப்படியானால் வயது எப்படித் தெரிந்தது? படத்திலிருந்து. வரிசை எண்ணின் படம் இணைப்பில் போகிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எண்ணைப் படித்துவிடுகிறார்.

5 மார்ச்

வரிசை எண்ணை எப்படிப் படிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஹீட்டர் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு முறை.

ரீம் என்றால் முதல் நான்கு இலக்கங்கள் மாதமும் ஆண்டும்: 0411 என்றால் 2011 ஏப்ரல். ஏ.ஓ. ஸ்மித் தொட்டிகளில் 2008-க்குப் பிறகு வந்தவற்றில் முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டும் வாரமும்: 1423 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஏழு வயதுத் தொட்டியைப் பன்னிரண்டு என்று நினைத்தவர்கள் உண்டு. நானே ஒருவன்.

பிராட்ஃபோர்ட் ஒயிட் சுவாரசியமானது. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாம் எழுத்து மாதம். ஏ என்றால் 1984, பி என்றால் 1985, இப்படியே போகும். ஐ, ஓ, க்யூ, ஆர், யு, வி ஆகியவற்றை விட்டுவிடுவார்கள். மிச்சம் 20 எழுத்து. ஆக 20 ஆண்டுக்கு ஒருமுறை ஏ திரும்ப வரும். நம் அறுபது ஆண்டு வட்டத்தில் பிரபவ மறுபடி வருவதுபோலத்தான். மாதத்துக்கு ஏ முதல் எம் வரை, ஐ கிடையாது.

6 மார்ச்

கேள்வி கேட்டவர் தன் தொட்டியில் 'டி கே' என்று தொடங்குகிறது என்கிறார். டி என்றால் 1987 அல்லது 2007. வீடே 1996 என்பதால் 2007. கே, அக்டோபர். ஐயா, உங்கள் தொட்டிக்கு வயது பதினாறு முடிந்துவிட்டது! நீங்கள் வீட்டை வாங்கியபோதே அதற்கு எட்டு வயது. எட்டு ஆண்டில் ஒருமுறையாவது அடியில் குழாய் மாட்டி வண்டலை இறக்கினீர்களா? இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். நான் முதல்முறை திறந்தபோது நொய்யரிசி போல ஒரு படி வெள்ளைக் கல் கொட்டியது. ஹீட்டர் ஓடும்போது கடுகு பொரிகிற சத்தம் கேட்டால் அதுதான்.

9 மார்ச்

அழுத்தம் வெளியேற்றும் வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இதுதான் உண்மையில் ஆபத்தான விஷயம், மற்றதெல்லாம் தரை நனையும் கதை.

தொட்டியின் மேற்பக்கம் அல்லது தலையில் ஒரு பித்தளை வால்வு, அதில் ஒரு சிறு நெம்புகோல். வெப்பம் 210 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, அழுத்தம் 150 பிஎஸ்ஐயை எட்டினாலோ அது திறந்துகொள்ளும். எங்கள் பாட்டி வீட்டுச் செப்பு பாய்லரில் நடுவில் கரி எரியும், சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும், மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி போய்விடும். இங்கே போக வழியில்லை. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதானால் மூடிய தொட்டிக்குள் தண்ணீர் கொதிநிலையான 212-ஐத் தாண்டியும் தண்ணீராகவே இருக்கும், ஆவியாக அழுத்தம் விடாது. எங்காவது உடைந்ததும் அதில் ஒரு பகுதி ஒரே கணத்தில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் அடைக்கும் இடம் 1,600 மடங்குக்கு மேல். தொட்டி கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதெல்லாம் இப்படித்தான். படிவத்தில் இந்த வால்வுக்கு மட்டும் தனிக் கேள்வி இருப்பது இதனால்தான்.

அந்த வால்விலிருந்து ஒரு குழாய் கீழே தரைக்கு மேல் ஆறு அங்குலத்துக்குள் வந்து திறந்தபடி நிற்க வேண்டும். எங்கும் மேல்நோக்கி ஏறக் கூடாது. நுனியில் மரை இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் பரிசோதகர் கடைசியாகக் கண்டுபிடித்தது அந்தக் குழாயின் நுனியைத்தான். அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்திருந்தது! அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வீட்டை முன்பு வைத்திருந்தவர் செய்த வேலை.

10 மார்ச்

என் மனைவி நேற்று எழுதியதைப் படித்துவிட்டாள். "முன்பு வைத்திருந்தவரா? எந்த முன்பு?" என்று கேட்டாள்.

சரி. மூடி போட்டவன் நான்தான்.

2021 நவராத்திரி முடிந்த வாரம். அந்தக் குழாயிலிருந்து சொட்டு விழுந்து கொலுப் பெட்டி நனைந்தது. பொம்மைகள் என் மாமியாருடையவை, காஞ்சிபுரத்திலிருந்து கையில் சுமந்து கொண்டுவந்தவை. பெட்டியை நகர்த்துவதுதானே? கேரேஜில் இடம் இல்லை. கடைக்குப் போய் ஒரு டாலருக்கும் குறைவான மூடி ஒன்று வாங்கி, பசை தடவி மாட்டிவிட்டு, பெரிய சாமர்த்தியம் செய்தவன் மாதிரி வந்து காபி கேட்டேன். ஒன்றரை ஆண்டுகள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில்தான் குழந்தைகளின் அறை.

நுனியில் மரை கூடாது என்ற விதி, என்னைப் போன்றவர்கள் மூடி திருகிவிடுவார்கள் என்று தெரிந்து எழுதியது. பசை தடவுவார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை போலும்.

சொட்டியதற்குக் காரணமும் பிளம்பர் சொல்லித்தான் தெரிந்தது. தொட்டித் தண்ணீர் குளிர்ச்சியிலிருந்து சூடாகும்போது இரண்டு மூன்று லிட்டர் பெருகுகிறது. பழைய வீடுகளில் அது தெருக் குழாய்க்குள் திரும்பிப் போய்விடும். தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு மாட்டிய வீடுகளில் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பெருகும் தண்ணீரை வாங்கிக்கொள்ள ஹீட்டருக்குப் பக்கத்தில் பூசணிக்காய் அளவில் ஒரு சின்னத் தொட்டி மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை. வால்வு தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது, நான் அதன் வாயை அடைத்தேன்.

16 மார்ச்

'ஹீட்டரைப் பெரிதாகப் பேசுகிறீர்கள், காப்பீட்டாளர்கள் உண்மையில் பயப்படுவது குழாய்க்கு' என்று ஒருவர் மறுத்திருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாயைப் போட்டார்கள். தண்ணீரில் கலக்கும் குளோரின் உள்ளிருந்து அதைத் தின்றுவிடும். அது இருந்தால் புளோரிடாவில் பல நிறுவனங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும், ஹீட்டர் நேற்று வாங்கியதாக இருந்தாலும்.

ஆனால் அந்தக் குழாய் வெளியே கண்ணில் படும் இடங்களில் முக்கியமானது எது? ஹீட்டரின் தலைக்கு மேல். மற்ற இடங்களில் சுவருக்குள் மறைந்திருக்கும். ஹீட்டரைப் படம் எடுக்கும்போது அதுவும் சேர்ந்து படத்தில் விழுகிறது. எங்கள் வீடு 1993 என்பதால் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். செம்பு. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

வாசகரே, 1996 என்றால் பெரும்பாலும் தப்பித்திருப்பீர்கள். இருந்தாலும் குழாயின் மேல் 'பிபி 2110' என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

24 மார்ச்

இதுவரை நாம் பேசியது பாலிசி கிடைக்குமா என்பதை. இன்றைக்குத் தெருவில் நண்பர் ஒருவரிடம் பேசியதிலிருந்து வேறு யோசனை.

அவர் வீட்டில் ஹீட்டர் கேரேஜில் இல்லை. கூடத்தை ஒட்டிய அலமாரிக்குள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு மூன்று வாரம் சென்னை போயிருந்தார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தால் மரத்தரை அப்பளம் போல உப்பிக் கிடந்தது. சுவரின் அடியில் ஒரு முழம் உயரத்துக்குக் கரும்பூஞ்சை.

ஹீட்டர் வெடித்தால் காப்பீடு ஹீட்டருக்குப் பணம் தரும் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தராது. தேய்மானம், துரு, பழுது இவற்றுக்குப் பாலிசி பொறுப்பேற்பதில்லை. திடீரென்று எதிர்பாராமல் கொட்டிய தண்ணீரால் தரையும் சுவரும் கெட்டால் அதற்குத்தான் பணம். இங்கே பல பாலிசிகளில் இன்னொரு வரியும் உண்டு: தண்ணீர் 14 நாள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து கசிந்திருந்தால் பொறுப்பில்லை. ஆக, இது ஒரே நாளில் உடைந்து கொட்டியதா, மாதக்கணக்கில் கசிந்ததா என்பதுதான் சண்டை.

நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? பாலிசி எடுத்தபோது அவரே அனுப்பிய பரிசோதனைப் படத்தை எடுத்து வைத்தது. அதில் தொட்டியின் அடிவிளிம்பில் துரு தெளிவாகத் தெரிந்தது. 'இந்தத் துரு அன்றே இருந்திருக்கிறதே' என்றார்கள். 'அன்றே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தானே பாலிசி கொடுத்தீர்கள்' என்றார் இவர். மாதக்கணக்கில் இழுத்து, கேட்டதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

எனக்கு இதில் உறைத்தது அந்தப் படம்தான். பரிசோதகர் சற்றுக் கண்டும் காணாமலும் 'திருப்தி' என்று எழுதினால் நமக்கு லாபம் என்று நினைக்கிறோம். கட்டத்தில் அவர் என்ன எழுதினாலும் படம் கோப்பில் தங்கிவிடுகிறது. இன்றைக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே படம், நாளைக்கு நாம் பணம் கேட்கும்போது எதிர்ச்சாட்சி சொல்ல வரும். என் தொட்டிக்கு 'திருப்தி இல்லை' என்று எழுதிய முழங்கால் பட்டைக்காரர் மேல் ஓராண்டு கோபமாக இருந்தேன். இப்போது இல்லை.

25 மார்ச்

ஊருக்குப் போகும்போது என்ன செய்வது என்று கேட்டவருக்கு: வீட்டுக்குள் வரும் முதன்மை வால்வை மூடுங்கள். மின் ஹீட்டர் என்றால் அதன் பிரேக்கரையும் இறக்குங்கள். அப்போதும் தொட்டியில் இருக்கும் 190 லிட்டர் ஒழுகலாம், ஆனால் அதோடு நின்றுவிடும். வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். எங்கள் வீட்டு வால்வு செம்பருத்திச் செடிக்குள் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தேடினோம்.

7 ஏப்ரல்

வாசகர் மாற்றிவிட்டார். புதிய நிறுவனம் படத்தை வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்துவிட்டது. 'இருந்தாலும் எரிச்சலாக இருக்கிறது' என்கிறார். அந்த எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. கூரைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2022-இல் வந்தது. 15 ஆண்டுக்கு உட்பட்ட கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதைத் தாண்டியிருந்தாலும், இன்னும் ஐந்து ஆண்டுகள் தாங்கும் என்று பரிசோதனை சொன்னால் வயதுக்காக மறுக்க முடியாது. அந்தச் சட்டம் பேசுவது கூரையைப் பற்றி மட்டும். ஹீட்டரை அவரவர் விருப்பப்படி அளக்கலாம். ஒரு நிறுவனம் கண்டுகொள்ளாமல் விடும் வயதை இன்னொன்று மறுக்கும். ஏஜென்டிடம் முதலிலேயே கேட்டுவிட்டுப் பரிசோதனைக்கு ஆளைக் கூப்பிடுவது நல்லது.

செலவு: நான் கொடுத்தது 1,900 டாலர், சின்னத் தொட்டியும் அனுமதிக் கட்டணமும் சேர்த்து. அனுமதி இல்லாமல் 1,300-க்கு முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கவுண்டி, அதாவது உள்ளூர் நிர்வாகத்தின் இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் அனுமதி விவரத்தை யாரும் பார்க்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் கணினி இருக்கிறது. ஒரு மூடியில் பட்ட அவமானமே எனக்குப் போதும்.

பழைய தொட்டியிலிருந்து பிளம்பர் ஆனோடு தண்டைக் கழற்றிக் காட்டினார். தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்கென்றே உள்ளே தொங்கவிட்டிருக்கும் மக்னீசியத் தண்டு. புதிதில் கட்டைவிரல் கனம். என் கைக்கு வந்தது துணி காயப்போடும் கம்பி மாதிரி ஒன்று, அங்கங்கே வெள்ளைப் பொருக்கோடு. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இதைப் பார்த்து மாற்றியிருந்தால் தொட்டி இன்னும் நின்றிருக்கும் என்றார். 2009 தொட்டி. ஒருமுறையும் பார்க்கவில்லை.

1 அக்டோபர் 2024

ஹெலீன் புயல். செப்டம்பர் 26 இரவு டாம்பா விரிகுடா ஊருக்குள் வந்தது. எங்கள் பக்கம் மேடு, தப்பித்தோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஷோர் ஏக்கர்ஸில் இருக்கும் நண்பர் வீட்டில் இடுப்பளவு உப்புத் தண்ணீர். அவருடைய ஹீட்டருக்கு மூன்று வயதுதான். முன்கூட்டியே மாற்றியவர், பாவம். உப்புத் தண்ணீரில் மூழ்கியதை உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது, மின் இணைப்புகள் அரித்துவிடும்.

வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பொறுப்பில்லை என்பது அவருக்குத் தெரியும். மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு தனியாக வைத்திருந்தார். அதில் ஹீட்டர் கட்டடத்தின் பகுதியாகக் கணக்கில் வருகிறது. தேய்ந்து வெடித்தால் ஒரு காசு தராத உலகத்தில், கடல் வந்து மூழ்கடித்தால் ஹீட்டருக்குப் பணம் உண்டு. மனைவியிடம் சொன்னேன். "அதற்காகக் கடலைக் கூப்பிடாதீர்கள்" என்றாள்.

17 நவம்பர் 2024

அக்டோபர் 9-இல் மில்டனும் வந்து போய்விட்டது. நண்பர் வீட்டில் ஒருவழியாகச் சுவர் எழும்பி, போன வாரம் புதிய ஹீட்டர் வந்திருக்கிறது. இந்தமுறை கேரேஜ் தரையில் வைக்காமல் நாலடி உயரத்துக்குத் தாங்கி அடித்து மேலே ஏற்றியிருக்கிறார். பழக்கம் விடவில்லை, தாளைத் துடைத்துப் பார்த்தேன். 'ஏ ஜே'. 2024 செப்டம்பர். புயல் வந்த மாதத்திலேயே செய்தது.

ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஏ-யைப் பார்த்துவிட்டு எவராவது 2004 என்று எழுதி, மாற்று என்று கடிதம் போட்டுவிடப் போகிறார்கள்.